பொன்முலாம் பூசிய கடிகாரங்கள்

ஐரோப்பிய நாடுகளில் குளிர்காலம் மிகக் கொடியது. ஆதலின் ஆங்குள்ள வீடுகளில் அறைதோறும் சுவரை ஒட்டிக் கணப்பு அமைத்தல் பண்டை வழக்கமாகும். கணப்பின் வாயைச் சூழ்ந்து பளிங்காலோ மரத்தாலோ ஆகிய ஒரு சட்டம் இருக்கும். சட்டத்தின் மேல், நின்றாரது நெஞ்சளவு உயரத்தில், பலகை ஒன்று நீண்டு நிற்கும். அறையினுள் நுழைவார் கண் முதலிற் சென்று படிவது அப்பலகையின் மேலேயாம். குளிருக்கு ஒதுங்கி வந்தோர் நாற்காலியிட்டு முகம் நோக்கி அமர்வதும் அத்திசையையே. எனவே வீட்டுப் பொருள்களுள் எது மிகச் சிறந்ததோ அதனை அங்கே வைத்தனர். 18-ஆம் நூற்றாண்டில் பாரிசு நகரத்துச் செல்வர் அவ்விடத்துக்குத் தேர்ந்த பொருள் கடிகாரம்.

கடிகாரத்தின் உறுப்புகளுக்கு அவ்விடம் ஏற்றதன்று என்பதை ஈண்டே சொல்லிவிடுதல் வேண்டும். கீழே நெருப்பு எரிய, மேலே வெப்பம் ஏறும்; சாம்பலும் புகைக்கரியும் வந்து படியும்; சக்கரங்களின் அச்சுக்கு இட்ட எண்ணெய் விரைவிற் கெட்டுப் பிசினாகும். காலத்தைச் செவ்வையாக அறிதலே கருத்தாயின், கடிகாரத் தொழில் அறிந்த எவனும் தன் கருவியைக் கணப்பின் தலைமேல் வைக்க ஒருப்படான். அழகு கருதியே அவ்விடம் அதற்கு வாய்த்தது.

பலகைக்குப் பின்னே சுவரில் பெரிய நிலைக்கண்ணாடி பதித்தலும் அந்நூற்றாண்டில் பரவிய வழக்கமே. கடிகாரத்தின் இரு மருங்கும் மெழுகுவத்தித் தண்டுகள் இணையாக நிறுத்தப்பட்டன. இரவில் அவை ஏற்றப்பட்டபோது கடிகாரத்தின் பொன்னிறம் ஒருமுறை நேரேயும், மற்றொரு முறை கண்ணாடியின் உள்ளேயும் ஒளிர்ந்தது. மின்விளக்கின் கீழ் அக்கடிகாரங்களைக் காண்போர்க்கு அவை அளவிறந்த பகட்டுடையனவாகத் தோன்றுதல் கூடும். அசையும் சிறு சுடர்களின் வெளிச்சத்துக்கென்றே அவை செய்யப்பட்டன என்பதை அவர்கள் மறத்தலாகாது.

கோபுரத்தில் இருந்த கடிகாரம் மேசைக்கும் பலகைக்கும் இறங்கி வருதற்கு இரண்டு புனைவுகள் துணைசெய்தன. முதலாவது சுருள்வில். பழைய கடிகாரங்கள் கயிற்றிற் கட்டித் தொங்கவிட்ட எடைக்கல்லால் இயங்கின. கல் இறங்குவதற்கு உயரம் வேண்டும். 15-ஆம் நூற்றாண்டில் எடைக்கல்லின் இடத்தில் எஃகுச் சுருள்வில் வந்தது. நாடாப் போன்ற எஃகுத் தகட்டைச் சுருட்டி ஒரு சிறு குடத்தினுள் அடைத்துவிட, அது விரிய முயலும் விசையே சக்கரங்களைச் சுழற்றும். இரண்டாவது ஊசல். 1656-ஆம் ஆண்டில் ஆலந்து நாட்டு அறிஞர் கிறித்தியான் ஹைகன்ஸ் என்பார் ஊசலைக் கடிகாரத்தோடு இணைத்தார். அடுத்த ஆண்டிலேயே தி ஹேகு நகரத்துக் கம்மியர் சாலமன் கோஸ்டர் அவ்வகைக் கடிகாரங்களைச் செய்யத் தொடங்கினார். அதற்கு முன்னர் நல்ல கடிகாரமும் நாளொன்றுக்குக் கால்மணி நேரம் பிழைபடுவதுண்டு. ஊசல் வந்தபின் அப்பிழை ஒரு நிமிடத்துக்குள் அடங்கிற்று.

நொடிக்கு ஒருமுறை அடிக்கும் ஊசலுக்கு ஏறத்தாழ 1 மீட்டர் நீளம் வேண்டும். அரை நொடிக்கு ஒருமுறை அடிப்பதற்கு அதில் நான்கில் ஒரு பங்காகிய 25 சென்டிமீட்டரே போதும். நீளம் நான்கில் ஒன்றாகக் குறையக் காலம் பாதியாகக் குறையும் என்பது ஊசலின் விதி. கணப்புக் கடிகாரங்களின் ஊசல்கள் இதனினும் குறியன. அவற்றின் விரைந்த துடிப்பு அமைதியான அறையில் நன்கு கேட்கும்.

இங்கிலாந்தில் தாமஸ் தாம்பியன் (1639–1713) முதலியோர் செய்த மேசைக் கடிகாரங்கள் அடக்கமான தோற்றமுடையன. கருங்காலிப் பெட்டியினுள் பொறி இருக்கும்; பெட்டியின் உச்சியில் கைப்பிடி ஒன்று உண்டு. பகலில் கூடத்தில் இருந்த கடிகாரத்தை இரவில் படுக்கையறைக்குக் கொண்டுபோவதற்கு அப்பிடி உதவியது. பலவற்றில் ஒரு கயிறும் தொங்கும். அதனை இழுத்தால், கழிந்த மணி எத்தனையோ அத்தனை முறை மணியொலி மீண்டும் எழும். தீக்குச்சி தோன்றாத காலத்தில், நள்ளிரவில் விழித்தவர்க்கு இஃது எத்துணைப் பெரிய உதவி என்பதைக் கூற வேண்டா. 1676-ஆம் ஆண்டளவில் புனையப்பட்ட இப்பொறி அழகுக்காகப் பிறந்ததன்று.

பாரிசுக் கம்மியர் சென்ற வழி வேறு. அவர்கள் பெட்டியை நீக்கிவிட்டுச் சிற்பத்தைக் கைக்கொண்டனர். கடிகாரத்தின் பொறி சிறிய வட்டமான பித்தளைக் கூடாக ஒடுங்கியது. அது புகுவதற்கு ஓரிடம் கிடைத்தாற் போதும். எஞ்சிய வெண்கலம் எல்லாம் சிற்பிக்கு உரியது. கதிரவன் தேரோட்டி வரும் கோலத்தில் தேர்ச் சக்கரமே மணிகாட்டும் முகத்தட்டாயிற்று. வேறொன்றில் மேகத்திரளின் நடுவே முகத்தட்டு. மற்றொன்றில் பாறைமேல் அமர்ந்து நூல் படிக்கும் நங்கையின் அருகில் முகத்தட்டு. கிரேக்கக் கதைகளே மிகுதி. மொரீசியசுத் தீவைக் களமாகக் கொண்டு 1788-ஆம் ஆண்டில் பிரஞ்சு மொழியில் வெளிவந்து புகழ்பெற்ற ‘பாலும் விர்ஜினியும்’ என்னும் புதினத்தின் சிறுவர் இருவரும் கடிகாரத்தில் ஏறினர். அமெரிக்க நாட்டார் வாங்குதற்கென்று ஜார்ஜ் வாஷிங்டன் நிற்கும் கடிகாரங்களும் பாரிசிலிருந்து கப்பலேறின. மணி பார்ப்பதற்கு மட்டும் ஒருவர் இத்துணைப் பொருள் செலவிடார். வாங்கியோர் விரும்பியது கதையையும் பொன்னையுமே.

பொறியின் வேலைப்பாட்டிலும் ஒரு நயம் உண்டு. மணியடிக்கும் பகுதியில் எண்ணிக்கைச் சக்கரம் ஒன்று இருக்கும். அதன் விளிம்பில், வரவர இடைவெளி மிகுமாறு பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். ஒரு நெம்புகோல் ஒரு பள்ளத்தினின்று மேலெழுந்து அடுத்த பள்ளத்தில் விழும்வரை மணி ஒலித்துக்கொண்டே இருக்கும். ஒன்று முதல் பன்னிரண்டு வரை கூட்டினால் 78 அடிகள். அரைமணிக்கு ஒன்றாகப் 12 அடிகள். ஆகப் பன்னிரண்டு மணி நேரத்தில் 90 அடிகள் முடிய, சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றிவிடும். இச்சக்கரம் முள்ளை நோக்காது. தன் எண்ணிக்கையையே நோக்கும். ஆதலால், முள்ளை விரலால் விரைந்து தள்ளி நேரம் திருத்துவோர் வீட்டில், முள் நான்கைக் காட்ட மணி ஏழு அடித்தல் உண்டு. ஒவ்வோர் அரைமணிக்கும் நிறுத்தி, மணியடித்து ஓய்ந்த பின்னரே முள்ளை மேலே நகர்த்துதல் முறை.

இவ்வகைக் கடிகாரத்தின் வெள்ளை எனாமல் முகத்தட்டில் ஒரு பெயர் எழுதப்பட்டிருக்கும். அது கடிகாரக் கம்மியனுடைய பெயர். சிலகால் விற்ற வணிகனுடைய பெயர். ஒரு கடிகாரம் உருவாகப் பல கைகள் உழைத்தன. சிற்பி களிமண்ணிலோ மெழுகிலோ உருவத்தை வனைந்தான். வார்ப்போன் அதனை வெண்கலத்தில் வார்த்தான். வார்ப்பு வெளிவரும்போது கரடுமுரடாக இருக்கும். செதுக்குவோன் சிற்றுளிகளும் அரங்களும் கொண்டு, மயிரிழையும் ஆடை மடிப்பும் இலை நரம்பும் புலப்படுமாறு அதனைத் திருத்தினான். சோழநாட்டுச் சிற்பியர் செப்புத் திருமேனியை வார்த்தபின் உளியால் திருத்தி மெருகிடுதலோடு இதனை ஒப்பிட்டு உணரலாம். முகத்தட்டுக்கு எனாமல் இடுவோன் வேறு. சுருள்வில் செய்வோன் வேறு. பாரிசின் தொழிற்குழுச் சட்டங்கள் வெண்கலம் வார்ப்போரையும் முலாம் பூசுவோரையும் நெடுங்காலம் தனித்தனிக் குழுவினராகவே வைத்திருந்தன. அவை ஒன்றானது 1776-ஆம் ஆண்டில். பிரஞ்சுப் புரட்சி எழுந்தபின், 1791-இல், தொழிற்குழுக்களே நீக்கப்பட்டன.

இத்துணைக் கைகளுள் கண்ணுக்கு முதலில் தோன்றும் வேலையைச் செய்தவன் யாவன்? கடிகாரத்தை நோக்குவோர் காண்பது பொன். அப்பொன்னை அங்கே வைத்தவன் முலாம் பூசுவோன். அவன் பெயரோ, அரிதாகச் சிலவிடங்கள் ஒழிய, எங்கும் காணப்படாது.

அவ்வரிய இடங்களுள் ஒன்று, இலண்டன் நகரத்து வாலஸ் கண்காட்சிச் சாலையில் உள்ள அவினியோன் கடிகாரம். தென்பிரான்சின் அவினியோன் நகரம் அந்நாளில் போப்பாண்டவர் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. 1768-ஆம் ஆண்டில் பிரஞ்சு மன்னர் பதினைந்தாம் லூயியின் பெயரால் ரோஷ்ஷுவார் பிரபு அந்நகரைக் கைப்பற்றினார். பின்னர் நகரத்தார் அவர்க்கு ஒரு கடிகாரம் பரிசளித்தனர். அதில் ரோன், துரான்ஸ் என்னும் ஆறுகள் மக்கள் வடிவில் சாய்ந்து கிடக்கின்றன; அவற்றுக்கு மேலே அவினியோன் நகரம் ஒரு நங்கையாக நிற்கின்றது. உருவத்தை அமைத்தவர் லூயி சீமோன் புவாசோ என்னும் சிற்பி. பொறி தெலூனேசி என்பவரது. வெண்கலத்தைச் செதுக்கி முலாம் பூசியவர் பியேர் கூட்டியேர். அவர் தம் பெயரையும், தாம் மன்னரின் செதுக்குவோரும் முலாம் பூசுவோரும் ஆவார் என்பதையும், 1771 என்னும் ஆண்டையும் அதில் பொறித்திருக்கின்றார்.

கூட்டியேர் (1732–1813) தம் காலத்தில் இணையற்றவராக மதிக்கப்பட்டார். பொன்னைப் பளபளப்பின்றி, பட்டுத் துணிபோல் மென்மையாகத் தோன்றச் செய்யும் மங்கல் முலாமில் அவர் கைதேர்ந்தவர். ஓர் உருவத்தின் உடலை மங்கலாகவும் ஆடையின் கரையை ஒளிர்வாகவும் விட்டுவிட்டால், ஒரே பொன் இரண்டு பொருளாகத் தோன்றும். மன்னரின் அன்புக்குரிய தியூ பாரி சீமாட்டி அவரிடம் ஏராளமான வேலைப்பாடுகளைச் செய்வித்துக்கொண்டு, பெருந்தொகை கொடுக்கவேண்டியவராய் நின்றார். 1793-இல் அச்சீமாட்டி புரட்சியாளரால் தலைதுணிக்கப்பட்டார். கடன் தீரவில்லை. கூட்டியேர் வறுமையில் இறந்தார். பெயர் பொறித்துக்கொள்ளும் பேறு பெற்றவரது நிலையே இதுவாயின், பெயரற்றவரது நிலையை ஊகித்தல் எளிது. எனினும் வறுமையினும் கொடியதொன்று அவர்களுக்குக் காத்திருந்தது. அதனை அறிதற்கு முலாம் பூசும் முறையை அறிதல் வேண்டும்.

இம்முலாமைப் பிரஞ்சு மொழியில் ‘ஓர் மூலு’ என்பர்; அரைத்த பொன் என்பது அதன் பொருள். பொன்னை மெல்லிய துணுக்குகளாக்கி மண்மூசையில் இட்டுச் சிவக்கக் காய்ச்சுவர். பின் பொன்னைப்போல் ஏறத்தாழ எட்டு மடங்கு எடையுள்ள பாதரசத்தை அதிற் பெய்து, இரும்புக் கம்பியாற் கிளறுவர். பாதரசம் பொன்னைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும். அக்கலவையை நீரிற் கொட்டிக் கழுவி, மெல்லிய தோலிற் கட்டிப் பிழிவர். மிகைப்பட்ட பாதரசம் தோலின் துளை வழியே துளித்துளியாக வெளியேறும். எஞ்சுவது வெண்ணெய் போன்ற வெளிறிய பசை. அதனிற் பொன் இருக்கின்றது என்பது கண்ணுக்குத் தோன்றாது.

வெண்கல வார்ப்பைக் காய்ச்சி அமிலத்தில் தோய்த்து அழுக்கறக் கழுவுவர். நைட்ரிக் அமிலத்தில் பாதரசத்தைக் கரைத்த நீரில் பித்தளைக் கம்பித் தூரிகையைத் தோய்த்து, அதனாற் பசையை எடுத்து வார்ப்பின் மேல் தடவுவர். பள்ளம், மேடு, விரலிடுக்கு, மயிர்க்கற்றை ஒன்றும் விடுபடலாகாது. அடுத்து, அதனை மரக்கரி நெருப்பின்மேல் இடுக்கியாற் பிடித்துத் திருப்பித் திருப்பிக் காட்டுவர். பாதரசம் 357 பாகை சென்டிகிரேடில் கொதித்து ஆவியாகும் இயல்பினது. பொன்னோ உருகுதற்கே 1,064 பாகை வேண்டும். ஆகவே பாதரசம் பறந்துபோக, பொன் வெண்கலத்தின்மேல் பிடித்துக்கொண்டு நிற்கும். ஆவி எழும்போதே, தனித்த கையுறை இட்ட மற்றொரு கையால் வார்ப்பை எடுத்துத் தூரிகையால் தட்டித் தட்டிப் பசையை ஒருசீராகப் பரப்புதல் வேண்டும். அதற்கு முகத்தை அருகே கொண்டுசென்று உற்று நோக்காமல் முடியாது. நல்ல வேலைக்கு ஒருமுறை போதாது. இரண்டு மூன்று முறை தடவிச் சுடுவர். இறுதியில் பளபளப்பு வேண்டும் இடங்களைக் கடினமான கல்லால் அழுத்தித் தேய்ப்பர். மங்கல் வேண்டும் இடங்களுக்கு வெடியுப்பு, படிகாரம், கறியுப்பு ஆகியவற்றின் கலவையைப் பூசிச் சுட்டுக் குளிர்நீரில் அமிழ்த்துவர்.

பாதரச ஆவிக்கு நிறமில்லை, மணமும் இல்லை. உலையருகில் நின்றவன் மூச்சில் அது நாள்தோறும் சென்று தங்கியது. முதலில் விரல்கள் நடுங்கும். பின் கை முழுதும் நடுங்கும். கிண்ணத்தைச் சிந்தாமல் வாய்க்குக் கொண்டுபோதல் இயலாது. வாய்நீர் பெருகும், ஈறு புண்ணாகிப் பல் ஆடும். உறக்கம் கெடும், நினைவு தளரும், அஞ்சியும் சினந்தும் ஒழுகும் இயல்பு வந்தடையும். நுண்ணிய வேலையாற் பிழைப்பவனுக்கு முதலிற் போவது கையின் உறுதி என்பது இந்நோயின் கொடுமை.

இவை ஒருவரும் அறியாமல் நிகழ்ந்தன என்று சொல்வதற்கில்லை. இத்தாலி நாட்டு மருத்துவப் பேராசிரியர் பெர்னார்தீனோ ராமத்சீனி (1633–1714) என்பார், 1700-ஆம் ஆண்டில் தொழிலாளர் நோய்கள் பற்றி இலத்தீன் மொழியில் ஒரு நூல் வெளியிட்டார். நோயாளியைக் காணும் மருத்துவர் பழைய நூல்கள் விதித்த வினாக்களோடு, ‘நீ செய்யும் தொழில் யாது?’ என்னும் வினாவையும் சேர்த்துக் கேட்கவேண்டும் என்று முதலில் வற்புறுத்தியவர் அவரே. அந்நூலில் முலாம் பூசுவோர்க்குத் தனிப் பகுதி உண்டு. அவருள் முதுமை எய்துவோர் மிகச் சிலரே என்று அவர் எழுதினார். நூலைக் கற்றோர் பாராட்டினர். அது பல மொழிகளிலும் பெயர்க்கப்பட்டது. ஆயினும் பாரிசு நகரத்து உலைக்களங்களில் நூறாண்டுக்கு மேலாக ஆவி முன்போலவே எழுந்துகொண்டிருந்தது. கணப்புக் கடிகாரத்தின் பொற்காலம் என்று கலைநூலார் போற்றும் காலம் முழுதும் அந்நூறாண்டினுள் அடங்கும்.

நெப்போலியன் ஆட்சியில் வெண்கலத் தொழில் பெருகிற்று. கூட்டியேரிடம் தொழில் பயின்ற பியேர் பிலிப் தொமீர் (1751–1843) நூற்றுக்கணக்கான தொழிலாளரை வைத்து நடத்தினார். அவரோடு ஒத்த புகழுடையவர் அந்துவான் ஆந்திரே ராவ்ரியோ (1759–1814). இவர் அரண்மனைகளுக்குக் கடிகாரங்களும் விளக்குத் தண்டுகளும் செய்து கொடுத்துச் செல்வம் ஈட்டியவர். ஓய்ந்த பொழுதிற் பாட்டும் சிறு நாடகங்களும் எழுதி மகிழ்ந்தவர். முலாம் பூசுவோர் படும் துயரை அவர் அறிந்திருந்தார். தம் செல்வம் அவர்களது உழைப்பால் வந்தது என்பதையும் உணர்ந்திருத்தல் வேண்டும். இறக்குமுன் எழுதிய உயிலில், பாதரசத்தின் தீங்கினின்று முலாம் பூசுவோரைக் காக்கும் வழியைக் கண்டறிவார்க்குப் பரிசளிக்குமாறு 3,000 பிராங்கு ஒதுக்கிவைத்தார். வாழும் காலத்திலேயே இதனைச் செய்திருக்கலாமே என்று கேட்பார் கேட்கலாம். அக்கேள்வி முறையானதே. ஆயினும் அத்தொழிலாற் பெரும்பொருள் கண்ட பலருள், இறுதியிலேனும் இவ்வாறு எண்ணியவரை எளிதில் எடுத்துக்காட்ட இயலாது.

பரிசை அளிக்கும் பொறுப்பு பாரிசு அறிவியற் கழகத்தைச் சேர்ந்தது. 1818-ஆம் ஆண்டில் அதனைப் பெற்றவர் ழான் பியேர் ழோசப் தார்சே (1777–1844) என்னும் வேதியியல் அறிஞர். அவர் கண்ட வழி மிக எளியது. சூடேறிய காற்று இலேசாகி மேலெழும் என்பது யாவரும் அறிந்த செய்தி. முலாம் சுடும் உலைக்கு மேலே உள்ள புகைபோக்கியோடு மற்றொரு சிறிய அடுப்பை அவர் இணைத்தார். இவ்வடுப்பிற் பூசும் வேலை ஒன்றும் இல்லை. புகைபோக்கியினுள் காற்றைச் சூடாக்கி, இடைவிடாத மேலிழுப்பை உண்டாக்குதலே அதன் பணி. உலையின் வாயைக் குறுக்கியும் விட்டார். அறையின் காற்று உலைக்குள் ஈர்க்கப்பட, உலையின் ஆவி அறைக்குள் வராமல் மேலே சென்றது. பூசுவோன் முன்போலவே நின்று, முன்போலவே வேலை செய்யலாம். அவனது மூச்சுக்கும் நஞ்சுக்கும் இடையே ஒரு காற்றோட்டம் காவல் நின்றது. செங்கல்லும் சுண்ணாம்பும் கொஞ்சம் மரக்கரியுமே இதற்கு வேண்டிய பொருள்கள். பொன்னைப் பாதரசத்தில் கரைக்க அறிந்த மாந்தர் இதனை அறியப் பல நூற்றாண்டு எடுத்துக்கொண்டனர். தார்சே தம் முறையைப் படங்களோடு நூலாக எழுதி வெளியிட்டார். ஆயின் புகைபோக்கி வழியே சென்ற பாதரசம் அழிந்துவிடவில்லை. நகரத்துக் கூரைகளின் மேல் பரவிற்று. அதனை அந்நாளில் எண்ணியவர் சிலரே.

பாதரசத்தை அறவே விலக்கிய முறை பிறகு வந்தது. 1805-ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டு லூயிஜி புருஞ்ஞத்தெல்லி மின்கலத்தின் துணையால் வெள்ளிப் பதக்கங்களுக்குப் பொன் பூசிக் காட்டினார், அது பரவவில்லை. 1840-இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்து எல்கிங்டன் குடும்பத்தார் மின்முலாம் பூசும் முறைக்குத் தனியுரிமை பெற்றனர். இரண்டாண்டு கழித்துப் பாரிசில் சார்ல் கிறிஸ்தோஃபில் என்னும் வணிகர் அம்முறையைப் பிரான்சில் நடத்தும் உரிமையை வாங்கினார். பொன்னுப்புக் கரைந்த நீரில் வார்ப்பை மூழ்க வைத்து மின்னோட்டம் செலுத்தினால், பொன் தானே வந்து படியும். அந்நீரிற் கலந்துள்ள சயனைடும் கொடிய நஞ்சே. எனினும் அது காய்ச்சி ஆவியாக்கப்படுவதன்று. மின்முலாமின் படலம் மெல்லியது, செலவும் குறைவு. அதனால் கணப்புக் கடிகாரம் அரண்மனையை விட்டு நடுத்தர மக்கள் வீட்டுக்கும் வந்தது. அவ்வாறு வந்தபோது உடலும் மாறிற்று. வெண்கலத்துக்கு மாற்றாக, எளிதில் உருகும் துத்தநாகக் கலவையில் உருவங்களை வார்த்துப் பொன்னிறம் பூசினர். இவற்றின் அடிப்புறத்தைச் சுரண்டினால் சாம்பல் நிறம் தோன்றும்.

பாதரசத்தால் முலாம் பூசும் தொழில் உலகினின்று மறைந்துவிடவில்லை. நேபாள நாட்டுப் பாட்டன் நகரத்தில் புத்தர் திருவுருவங்களுக்குப் பொன் பூசும் நேவார் கம்மியர் இம்முறையை வழிவழியாகப் போற்றி வருகின்றனர். மணலிலிருந்து பொன் அரிக்கும் ஏழை மக்கள் ஆசியா, ஆப்பிரிக்கா, தென்னமெரிக்கா ஆகிய கண்டங்களில் பாதரசத்தைக் கலந்து, பின் அதனைத் திறந்த நெருப்பில் எரித்தே பொன்னைப் பிரிக்கின்றனர். 2013-ஆம் ஆண்டில் கையெழுத்தாகி 2017-இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்பாடு, இவ்வழக்கத்தைக் குறைக்க நாடுகளைப் பணிக்கின்றது. ஆவியை மூடிய கலத்தில் அடைத்துக் குழாய் வழியே குளிர்வித்துப் பாதரசத்தை மீட்கும் கருவி அம்மக்களுக்குப் பரிந்துரைக்கப்படுகின்றது.

பழைய கடிகாரங்களோ கண்காட்சிச் சாலைகளிலும் ஏல மனைகளிலும் பெருமதிப்போடு இருக்கின்றன. பாதரச முலாமின் ஆழ்ந்த, வெதுவெதுப்பான நிறத்தை மின்முலாம் எட்டவில்லை என்பது கலையறிந்தோர் துணிபு. அது பெரும்பாலும் உண்மையே. அம்முலாமைப் பொடியிட்டுத் தேய்த்தலாகாது. பொன் படலம் கழன்று வெண்கலம் வெளிப்பட்டுவிடும். முன்புறம் மட்டுமே கண்ணிற் படுமாதலின், பின்புறத்தைப் பொன் பூசாது விட்ட கடிகாரங்களும் பல.

பொறியைக் கழற்றுவோர் அதனுள்ளே எழுத்துகளைக் காண்பதுண்டு. பழுதுபார்த்த கம்மியர் தம் பெயரையும் நாளையும் சுருள்வில்லின் மேலோ தகட்டின் உட்புறத்திலோ ஊசியாற் கீறி வைத்தல் அத்தொழிலின் மரபு. ஒரே கடிகாரத்தில் நான்கைந்து தலைமுறையினர் பெயர் ஒன்றன்கீழ் ஒன்றாக இருத்தலும் கூடும். பொறித் தகட்டில் அதனைச் செய்தோர் முத்திரை இருக்கும். வெண்கலத்தின் உட்புறத்தில், உறுப்புகளை இணைப்பதற்கு அடையாளமாக வார்ப்போன் இட்ட புள்ளிகளும் கோடுகளும் இருக்கும். முலாம் பூசியவனது குறி பெரும்பாலும் இராது.